டிராக்கில் ஒரு குதிரை மற்ற எல்லாவற்றையும் விரட்டுகிறது. பிரிப்பதா, விற்பதா?

வாணி_ஷ்ராப்ஷர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷரில், வேல்ஸ் எல்லையோரம் இருக்கிறேன். முன்பு பால்மாடு மேய்ந்த நாலு ஏக்கர் வயலை நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் குத்தகைக்கு எடுத்து, அதில் ஐந்து குதிரைகள் வைத்திருக்கிறோம். மாட்டுக்காக விதைத்த ரை புல், சர்க்கரை அதிகம். எங்கள் ஷெட்லாண்ட் போனி பிஸ்கட்டுக்கு ஏற்கெனவே லாமினைடிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) வந்து, முன்காலை எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டான். அதனால்தான் டிராக் போட்டோம்.

டிராக் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: வயலின் வெளி வேலியை ஒட்டி உள்பக்கம் ஒரு மின்வேலி ஓட்டுவோம். நடுவில் உள்ள புல்லுக்குப் போக வழியில்லை. இரண்டு வேலிக்கும் இடையே உள்ள நடையில் குதிரைகள் சுற்றிச் சுற்றி வரும். தீனி ஓரிடம், தண்ணீர் ஓரிடம், கொட்டகை ஓரிடம் என்று வைத்தால் தானாக நடக்கும். குளம்புக்கும் நல்லது, தொந்தியும் குறையும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, இலையுதிர் காலத்தில் டியூக் வந்து சேரும் வரை. பன்னிரண்டு வயது வெல்ஷ் காப் இனக் குதிரை, காயடித்தவன், மனிதர்களிடம் தங்கமான பிள்ளை. மற்ற குதிரைகளிடம் அசல் ரவுடி. உயிர்வேலிக்கும் குட்டைக்கும் நடுவே நடை ஒடுங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே குறுக்கே நின்றுகொள்கிறான். எதிரே யாராவது வந்தால் முதலில் காதைப் பின்னால் ஒட்ட வைக்கிறான், அப்புறம் தலையைத் தரையளவுக்குத் தாழ்த்திக் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறான். அதற்கும் நகராவிட்டால் திரும்பிப் பின்புறத்தைக் காட்டுகிறான். ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற ரூபியின் தொடையில் பல் பதிந்த அடையாளம் வரிசையாக இருக்கிறது. கொட்டகைக்குள் அவன் போய்விட்டால் வேறு யாரும் நுழைவதில்லை, மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

மோலி (கனெமாரா, பதினேழு வயதுப் பெட்டை) ஒரேயடியாகச் சோர்ந்து போயிருக்கிறாள். முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே உள்ள மூட்டில், முன்பக்கமாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. கல்லில் இடறுகிறாள் என்று நினைக்கிறேன். சாம் (ஹைலாண்ட்) மட்டும் டியூக்கைக் கண்டுகொள்வதில்லை.

"குதிரைகளே தீர்த்துக்கொள்ளும், விடு" என்கிறார் கூட்டாளி அம்மா. அவர் நாற்பது வருடமாகக் குதிரை வைத்திருப்பவர், நான் மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து சாணி அள்ளுபவள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டியூக்கைத் தனியாகப் போடுவதா, இல்லை விற்றுவிடுவதா?

பொள்ளாச்சி_கதிர்:

தங்கச்சி, எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையே எழாது. நான் வைத்திருப்பது மார்வாரி இரண்டு, கத்தியவாரி ஒன்று. ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் முன்கயிறு பின்கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். யாரும் யாரையும் கடிக்க முடியாது. காலை மாலை ஓட்டம், மற்ற நேரம் கட்டுத்தறி. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டு அடித்துக்கொள்கிறது என்றால் என்ன செய்ய?

ஃப்ரைபுர்க்_செல்வம்:

கதிர் அண்ணன் சொல்வது அவர் இடத்துக்குச் சரி. ஆனால் கட்டிப்போட்ட குதிரை காற்றை உறிஞ்சுவதும் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பதும் வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

வாணி, நான் ஜெர்மனியில் கருங்காட்டுப் பக்கம் ஒரு திறந்த லாயத்தில் வேலை செய்கிறேன். இருபதுக்கு மேல் குதிரைகள், எல்லாம் ஒரே கூட்டம். டிராக்கும் உண்டு. முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டியூக்கை விடுங்கள், மோலியைப் பாருங்கள்.

மூட்டின் முன்பக்கம், இரண்டு காலிலும், பொருக்கு. கூடவே சோர்வு. இது கல்லில் இடறியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரம் போதும், அது கிடைக்காமல் நாள் கணக்கில் போனால் நின்ற நிலையிலேயே ஆழ்ந்த தூக்கத்துக்குள் விழுந்துவிடும். அப்போது உடம்பு தளர்ந்து முன்னங்கால் மடங்கி, மூட்டு தரையில் இடித்து, திடுக்கிட்டு எழும். இதே இடத்தில் தோல் உரியும், பொருக்குத் தட்டும், மறுபடி உரியும். படுக்கப் பயமுள்ள குதிரைக்கு இது வரும். வலியால் படுக்க முடியாத குதிரைக்கும் வரும், அதனால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ஒரு பழைய போனையோ வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டும் கேமராவையோ கொட்டகையில் வைத்து இரண்டு மூன்று இரவு பாருங்கள். யார் படுக்கிறார்கள், யார் படுக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

இப்போது டியூக். அவனுடைய சுபாவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட உங்கள் வயலைப் பற்றி எழுதியது எனக்கு அதிகம் சொல்லிவிட்டது. ஒடுங்கிய இடம், ஒரு கொட்டகை. வாசல் எத்தனை? தண்ணீர்த் தொட்டி எங்கே? காய்ந்த புல்லை எத்தனை இடத்தில் வைக்கிறீர்கள், எப்போது வைக்கிறீர்கள்? அப்புறம், கேரட் எங்கே கொடுக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள், பதில் வேண்டும்.

டிராக் முறையைப் பரப்பியவர் ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர். நெவாடா பக்கம் காட்டில் திரியும் குதிரைகளைப் பார்த்து, அவை தீனிக்கும் தண்ணீருக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பதைக் கண்டு இதை வகுத்தார். நடையை எடுத்துக்கொண்டோம், சரி. ஆனால் அங்கே ஒரு குதிரைக்கு இன்னொன்றைப் பிடிக்கவில்லை என்றால் நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும், சண்டை அத்தோடு முடியும். நாலு மீட்டர் அகல நடையில் தள்ளிப் போக இடம் ஏது? முன்னால் ஓடலாம் அல்லது திரும்பலாம், அவ்வளவுதான். அங்கே நெடுநாள் பழகியவை சேர்ந்திருக்கும். இங்கே நாம் பணம் கொடுத்து வாங்கிய அந்நியர்களை ஒன்றாக அடைக்கிறோம்.

வாணி_ஷ்ராப்ஷர்:

செல்வம் அண்ணா, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. கேமரா இன்று இரவே வைக்கிறேன், மருத்துவருக்கும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கேள்விகளுக்கு: கொட்டகைக்கு ஒரே வாசல், வண்டி நுழையும் அகலம் கூட இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்று, குட்டைக்கு அந்தப் பக்கம். அதாவது அவன் குறுக்கே நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. காய்ந்த புல் நாலு வலைகளில், எல்லாம் கொட்டகைச் சுவரில் வரிசையாக. ஷிஃப்டுக்குப் போகும் முன் மாலையில் ஒருமுறை, வந்ததும் காலையில் ஒருமுறை. நடு இரவுக்குள் காலியாகிவிடும் என்று நினைக்கிறேன். கேரட் வாசல் கேட்டில். நான் கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டாலே டியூக் கேட்டுக்கு வந்துவிடுவான், மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள்.

ஃப்ரைபுர்க்_செல்வம்:

அப்படியானால் ஐந்து குதிரைக்கு நாலு வலை, அதுவும் ஒரே சுவரில். யார் இருந்தாலும் ரவுடியாகத்தான் ஆவார்கள்.

வலையை ஏழாக்குங்கள். குதிரை எத்தனையோ அதைவிட எப்போதும் இரண்டு கூட. சுற்றுப் பாதை முழுக்கப் பரப்பி, ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளி இருக்கும்படி, முடிந்தால் வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஒரு வலையிலிருந்து விரட்டப்பட்ட குதிரை நடந்து போய் அடுத்ததில் வாய் வைத்துவிட்டால் விரட்டியவனுக்கும் அலுத்துவிடும். சின்னக் கண் வலை, மூன்று நாலு சென்டிமீட்டர், இருந்தால் இரவு முழுக்கத் தாங்கும். மொத்த அளவைக் கூட்ட வேண்டாம். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் கணக்கு, 400 கிலோ குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ. பிஸ்கட்டுக்குக் குறைந்த பக்கம். அதே புல்லைத்தான் பரப்பி வைக்கிறீர்கள். குதிரையின் வயிற்றில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ஐந்தாறு மணி நேரம் காலியாகக் கிடந்தால் எரியும். எரியும் வயிற்றோடு யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஒடுங்கிய இடத்தில் தீனியோ உப்புக் கட்டியோ எதுவும் இருக்கக் கூடாது. நின்று காவல் காக்க அங்கே ஒன்றும் இல்லாதபடி செய்யுங்கள். உள் மின்வேலியை அங்கே இரண்டு குதிரை நீளத்துக்குத் தள்ளிப் போட முடியுமா? நடுப்புல் கொஞ்சம் போனால் போகட்டும். மூலைகளில் செங்கோணம் இருந்தால் வளைத்துவிடுங்கள், மூலையில் மாட்டிய குதிரைதான் வேலியை உடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகும். இரண்டாவது தண்ணீர்த் தொட்டி குட்டைக்கு இந்தப் பக்கம் கட்டாயம்.

கொட்டகைக்கு இரண்டாவது வாசல் திறங்கள். எங்கள் லாயத்தில் உள்ளே நடுவில் பாதித் தடுப்பும் உண்டு, ஒரு வாசலில் முரடன் நுழைந்தால் அடுத்ததில் மற்றது வெளியேறும். சுவரை உடைக்க உரிமையாளர் விடமாட்டார் என்றால், படுக்க இன்னொரு இடம் செய்யுங்கள். நாலு பக்கமும் திறந்த, வடிகால் உள்ள மேட்டில் ஆழமாக மணல். கூரைகூட வேண்டாம். பயந்த குதிரை மூடிய கொட்டகையைவிட நாலு பக்கமும் பார்வை உள்ள மேட்டில்தான் துணிந்து படுக்கும்.

கேரட்டை நிறுத்துங்கள். கூட்டத்துக்கு நடுவே வாளியோ கையோ நீட்டாதீர்கள்.

மெல்பர்ன்_டாக்டர்_நிலா:

அக்கா, நான் இங்கே குதிரை மருத்துவராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் எதையும் தீர்த்துச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மருத்துவர் வரும்போது மோலியோடு டியூக்கையும் காட்டுங்கள். புதிதாக வந்த குதிரை முரடாக இருந்தால் நான் முதலில் வலியைத் தேடுவேன். வயிற்றுப் புண், பல், முதுகு. கண்ணும் முக்கியம். ஒரு பக்கம் பார்வை மங்கிய குதிரை, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது நெருங்கினால் முந்திக்கொண்டு உதைக்கும். அப்புறம் காயடித்தது முழுமையாக நடந்ததா என்பதும். ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிப் போன, காயடித்ததாகச் சொல்லப்படும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டைகளை ஓட்டிச் சேர்த்துக்கொண்டு மற்ற ஆண்களை அண்டவிடாது. டியூக் அப்படிச் செய்கிறானா? தலையைத் தாழ்த்தி ஓட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். சாமை விட்டுவிடுகிறான் என்பதால் சந்தேகம் குறைவுதான். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ரூபிக்குப் பின்னங்காலில் லாடம் இருக்கிறதா? இருந்தால் கழற்றிவிடுங்கள், டியூக்குக்கும்தான். வெறும் குளம்பு உதைக்கும் இரும்பு உதைக்கும் வித்தியாசம் எக்ஸ்-ரேயில் நன்றாகத் தெரியும். பின்னங்காலின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு மேல் தோல் மட்டும்தான், சதையே கிடையாது. அங்கே சின்னக் காயம் என்று விடாதீர்கள். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் குதிரை நன்றாகவே நடக்கும், ஒரு நாள் படுத்து எழும்போது முழுதாக முறியும். உதை வாங்கி அங்கே ரத்தம் வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

யார்க்ஷர்_மீனாட்சி:

செல்வம் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. வயலைத் திருத்தினால் எல்லாக் குதிரையும் திருந்திவிடும் என்பது போலத் தொனிக்கிறது. இல்லை. என்னிடம் இருந்த ஒரு பெட்டைக்கு நான் எத்தனை வாசல் திறந்தும், எத்தனை வலை கட்டியும் பயனில்லை, சின்னதாக ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போய்க் கடிப்பாள். தீனிக்காகவும் இல்லை, இடத்துக்காகவும் இல்லை. கடைசியில் அவளை வயதான பெரிய பெட்டைகள் இரண்டு உள்ள வேறு கூட்டத்துக்கு அனுப்பினேன். அங்கே அடங்கிவிட்டாள். விற்பது தோல்வி என்று நினைத்து ஆறு மாதம் இழுக்காதீர்கள், அந்த ஆறு மாதத்தை அனுபவிப்பது மோலிதான்.

உங்கள் கூட்டாளி அம்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. புதுக் குதிரை வந்தால் முதல் சில நாள் விரட்டல், கீச்சிடல், ஓட்டம் எல்லாம் இருக்கும், அதில் நாம் தலையிட்டால் நீளும். ஆனால் இலையுதிர் காலத்தில் வந்தவன் இன்னும் கடிக்கிறான் என்றால் அது "தீர்த்துக்கொள்வது" இல்லை.

நான் பார்ப்பது ஒன்றுதான்: யார் யாருக்குச் சொறிந்துவிடுகிறார்கள்? பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேலே, ஒன்றுக்கொன்று பல்லால் சொறியும் அல்லவா. பிரான்ஸில் கமார்க் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு, 1993இல் வந்தது, அந்த இடத்தில் சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று காட்டியது. டியூக்குக்குச் சொறிய ஒருவராவது இருந்தால் அவனுக்கு வழி இருக்கிறது. ஒருவரும் இல்லை என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு.

வாணி_ஷ்ராப்ஷர்:

கேமரா முடிவு: செல்வம் அண்ணா சொன்னது சரி. சாம் படுக்கிறான், பிஸ்கட் குறட்டையே விடுகிறான், டியூக் கொட்டகை நடுவில் காலை நீட்டிப் படுக்கிறான். மோலி வாசலுக்கு வெளியே நிற்கிறாள். ஒரு காட்சியில் தலை மெல்ல மெல்லத் தொங்கி, மூக்கு தரையைத் தொடும்போது முன்காலிரண்டும் மடங்கி, மூட்டு தரையில் பட்டதும் துள்ளி எழுந்து சுற்றிப் பார்க்கிறாள். ஒரே இரவில் பல தடவை. கூட்டாளி அம்மாவிடம் அதைக் காட்டினேன். "விடு" என்று அப்புறம் அவர் சொல்லவில்லை. மறுநாளே மகனைக் கூப்பிட்டு மணல் இறக்கினார்.

மருத்துவர் வந்து பார்த்தார். மோலிக்குப் பின்முழங்காலில் கொஞ்சம் வாதம் இருக்கிறது, அதற்கு மருந்து. ஆக, பயமும் வலியும் இரண்டுமே. டியூக்குக்குக் கண், பல், ரத்தம் எல்லாம் சரி, முழுமையாகக் காயடித்தவன்தான். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் புண் இருந்தது, மருந்து ஓடுகிறது.

மீனாட்சி அக்கா, டியூக்குக்குச் சொறிய ஆள் இருக்கிறது. சாம்! மாலை நேரத்தில், குட்டைக்கரையில், இரண்டு பேரும் கழுத்தைக் குறுக்கே போட்டுக்கொண்டு. நான் இத்தனை நாள் அவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டியூக்கை நடுப்புல்லில் ஒரு துண்டு தடுத்து, எல்லோரும் கண்ணில் படும்படி தனியாக வைத்திருக்கிறோம். வலை ஏழு, தொட்டி இரண்டு, உள்வேலி தள்ளிப் போட்டாயிற்று. கொட்டகையில் இரண்டாவது வாசலுக்கு நில உரிமையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவனை எப்படித் திரும்ப விடுவது?

ஃப்ரைபுர்க்_செல்வம்:

நல்லது. அவசரப்பட வேண்டாம். மோலி மணல் மேட்டில் படுத்துத் தூங்குவதைக் கேமராவில் பார்த்த பிறகு அவனை விடலாம். அதற்குள் மற்றவர்கள் புது இடங்களைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள். அவன் திரும்பும்போது அவன்தான் புதியவன்.

முதலில் சாமை எடுத்து அவனோடு அந்தத் துண்டில் விடுங்கள். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து பழகட்டும். அப்புறம் ஒரு பகலில், உங்களுக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில், வலைகள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது, இருவரையும் சேர்த்து டிராக்கின் மிக அகலமான பகுதியில் விடுங்கள். பசித்த நேரத்தில் வேண்டாம், இருட்டும் நேரத்தில் வேண்டாம். கயிற்றோடு நடுவில் நிற்காதீர்கள், வேலிக்கு வெளியே நில்லுங்கள். ஓட்டம், கீச்சிடல் இருந்தால் பார்த்துக்கொண்டிருங்கள். ஒருவரை மட்டும் விடாமல் துரத்தினாலோ, தீனியை விட்டுவிட்டுத் துரத்தினாலோ, அவனை வெளியே எடுங்கள். முதல் சில வாரம் இரவில் துண்டு, பகலில் கூட்டம் என்று வைத்தாலும் தவறில்லை. எங்களிடம் ஒரு குதிரை வருடக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறது, இரவில் தனி, யாருக்கும் நஷ்டமில்லை.

கொட்டகைக்கு ஒரு யோசனை: உள்ளே ஒரு மூலையை மார்பளவு உயரத்தில் குறுக்குக் கட்டை போட்டு அடைத்துவிடுங்கள். கட்டைக்கு அடியில் ஷெட்லாண்ட் நுழைவான், காப் நுழைய முடியாது. பிஸ்கட்டின் தனித்தீனியையும் மருந்தையும் அங்கே வைக்கலாம்.

பொள்ளாச்சி_கதிர்:

தங்கச்சி, அந்த வீடியோ விவரத்தைப் படித்துவிட்டு ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு என் லாயத்துக்குப் போனேன். மார்வாரி இரண்டும் படுத்திருந்தன. கத்தியவாரி நின்றுகொண்டிருந்தது. பின்கயிறு கொஞ்சம் குட்டை என்று அப்போதுதான் பட்டது, இழுத்துக் கட்டியிருந்தால் எப்படிக் காலை மடக்கும். அவிழ்த்து நீளமாக்கிவிட்டேன். செல்வம் தம்பி, கட்டுத்தறியில் எவ்வளவு கயிறு விடலாம், காலில் சுற்றிக்கொள்ளாமல்?

ஃப்ரைபுர்க்_செல்வம்:

அண்ணே, இடம் இருந்தால் கயிற்றையே விட்டுவிட்டு அந்த ஒன்றுக்கு மட்டும் நாலுக்கு நாலு மீட்டர் அடைப்பு போடுங்கள், மூங்கிலில் போதும். இடம் இல்லை என்றால் தனி இழை தொடங்குங்கள், அளவோடு எழுதுகிறேன். இதில் கலந்தால் வாணி தேடும்போது கிடைக்காது.

வாணி, ஒன்று விட்டுவிட்டேன். வசந்தத்தில் நடுப்புல் துளிர்க்கும்போது டியூக் உள்வேலியைச் சோதிப்பான். மின்வேலி நாடாவில் 3000 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப் புல் நாடாவில் உரசினால் வோல்ட் இறங்கிவிடும், அதனால் அடியில் புல்லை வெட்டிக்கொண்டே இருங்கள். மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.